போதனை நல்லதாக இருந்தால் போதாதா, இயேசு யார் என்பது எதற்கு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "பிறனை நேசி, பகைவனை மன்னி, ஏழையை நினை என்று இயேசு சொன்னதெல்லாம் அருமை. அதை யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம். அப்படியிருக்க, அவர் கடவுளா, கடவுளின் மகனா, தீர்க்கதரிசியா, மனிதர் மட்டும்தானா என்று கிறிஸ்தவர்கள் இத்தனை நூற்றாண்டுகளாக ஏன் மல்லுக்கட்டுகிறார்கள்? இதெல்லாம் பிற்காலத்தில் சபைத் தலைவர்கள் ஒரு சங்கத்தில் கூடி முடிவு செய்ததுதானே?" என்று கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சொன்னவர் யார் என்பது சொன்ன விஷயத்துக்கு எந்த வகையில் அவசியம் என்பது ஒன்று. அவரைக் கடவுள் என்று முதலில் சொன்னது யார், எப்போது என்பது இன்னொன்று. முதலாவதுதான் வேர் என்பதால் அதில் கூடுதலாக நிற்கிறேன். நான் இறையியல் படித்து, புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். விசுவாசியும்கூட. அதை மறைத்துக்கொண்டு பேசுவது உங்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அதையும் கணக்கில் வைத்தே இந்தப் பதிலை எடைபோடுங்கள்.

உங்கள் வாதத்தில் ஒரு பாதி முழுக்கச் சரி. நல்ல அறம் ஒன்றின் உண்மை, அதைச் சொன்னவரின் அடையாளத்தை நம்பி நிற்பதில்லை. வள்ளுவர் யார், எந்தச் சமயத்தவர், எந்த நூற்றாண்டுக்காரர் என்ற வாதம் இன்னும் முடியவில்லை. அதனால் குறளில் ஒரு சீர்கூடப் பழுதாகவில்லை. நாளைக்கே எல்லாம் தெரிந்துவிட்டாலும் வாய்மையைப் பற்றி அவர் சொன்னது கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை. இயேசுவும் அறம் சொல்ல வந்த ஆசிரியர் மட்டும்தான் என்றால் அவருக்கும் இதே கணக்குதான். அவர் சொன்ன அறத்தில் பெரும்பகுதி அவருக்கு முன்பே இருந்ததும் உண்மை. உன்னை நேசிப்பதுபோல் பிறனையும் நேசி என்பது பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் அதை மேற்கோளாகத்தான் எடுத்துச் சொல்கிறார். உனக்கு வெறுப்பானதைப் பிறனுக்குச் செய்யாதே, நியாயப்பிரமாணம், அதாவது யூத வேதச் சட்டம், முழுவதும் இதுவே என்று அவருக்குச் சற்று முந்திய யூத ஆசிரியர் ஹில்லேல் சொன்னதாக யூத மரபு நூலான தல்மூத் சொல்கிறது. அறம் மட்டுமே கிறிஸ்தவத்தின் உள்ளடக்கமாக இருந்திருந்தால் தனியாக ஒரு மதம் உருவாக வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஆனால் கிறிஸ்தவம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட முதல் சொல்லே 'சுவிசேஷம்', அதாவது நற்செய்தி. நல்ல போதனை என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. செய்தி என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். இன்றும் ஆராதனைகளில் சொல்லப்படும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் என்ற சுருக்கமான நம்பிக்கை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கன்னிமரியாளிடத்தில் பிறந்தார் என்று சொன்ன வாயோடு பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் காலத்தில் பாடுபட்டார் என்று போய்விடுகிறது. நடுவில் மலைப்பிரசங்கம் இல்லை, உவமைகள் இல்லை, ஒரு போதனையும் இல்லை. இது அந்த அறிக்கையின் குறை என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். ஆனாலும் அந்த இடைவெளி ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. தொடக்கக் கிறிஸ்தவர்கள் உலகுக்குச் சொல்ல நினைத்தது, 'இவர் இப்படியெல்லாம் சொன்னார்' என்பதை விட, 'இவருக்குள் கடவுள் இன்னதைச் செய்துவிட்டார்' என்பது. அறிவுரைக்குச் சொன்னவர் யார் என்பது அவசியமில்லை. செய்தியில், அதுவும் ஒருவர் செய்த செயலைப் பற்றிய செய்தியில், செய்தவர் யார் என்பதுதான் முழு விஷயமே.

ஒரு காசோலையை நினைத்துக்கொள்ளுங்கள். தொகை, தேதி, பெயர் எல்லாம் அச்சுப்போலச் சரியாக இருக்கிறது. கையெழுத்து யாருடையது என்பதில்தான் அது பணமா, காகிதமா என்பது இருக்கிறது. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நூல்களில் ஒன்றான மாற்கு சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில் வரும் சம்பவம் இப்படிப்பட்டதுதான். கூரையைப் பிரித்து ஒரு முடக்குவாதக்காரனை இறக்குகிறார்கள். அவனைப் பார்த்து இயேசு, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர் என்ற யூதச் சட்ட அறிஞர்கள், தேவன் ஒருவரைத் தவிரப் பாவங்களை மன்னிக்கக்கூடியவர் யார் என்று உள்ளுக்குள் கொதிக்கிறார்கள். பிரசங்கங்களில் அவர்களை வில்லன்களாக்கிவிடுவது வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. உங்களிடம் ஒருவர் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை. வழியில் போகிற நான் அவரிடம், "விடுங்க, அந்தக் கடனைத் தள்ளிவிட்டேன்" என்றால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? கடன் கொடுத்தவர்தான் தள்ள முடியும். முன்பின் தெரியாத ஒருவனைப் பார்த்து, உன் பாவங்கள் தீர்ந்தன என்று இயேசு சொல்கிறபோது, கடவுள் மன்னித்துவிட்டார் என்பதைத் தெரிவிக்கிற தூதராகப் பேசுகிறாரா, மன்னிக்கிறவராகவே பேசுகிறாரா? அந்த வாக்கியத்தை 'நல்ல போதனை' என்று தனியே பிரித்தெடுக்க வழியே இல்லை. பேசியவர் யார் என்பது தெரியாமல் அதற்கு அர்த்தமே கிடையாது.

சிலுவைக்கு வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு என்னிடமுள்ள முதன்மையான பதிலும் இதுதான். கி.பி. 30 அல்லது 33ஐ ஒட்டி எருசலேமுக்கு வெளியே ரோமர்கள் ஒருவரைச் சிலுவையில் அறைந்தார்கள். அவர் ஒரு நல்ல மனிதர் மட்டுமே என்றால், அது நெஞ்சைப் பிசையும் ஓர் அநியாயம். அப்படிப்பட்ட அநியாயங்கள் அன்றைக்கும் ஆயிரக்கணக்கில் நடந்தன. அவர் ஒரு தீர்க்கதரிசி என்றால், உண்மைக்காக உயிர் கொடுத்த இன்னொரு தியாகம். வணங்கத் தோன்றும், வழி காட்டும், அவ்வளவுதான். இனி மூன்றாவது நிலையைப் பாருங்கள். அவர் நமக்காக மரித்தார் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அவர் கடவுளுக்கும் நமக்கும் இடையே மாட்டிக்கொண்ட மூன்றாம் ஆள் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? தப்பு செய்தது நாம், கோபப்பட்டது கடவுள், அடி வாங்கியது சம்பந்தமே இல்லாத ஒருவர். பல நண்பர்கள் என்னிடம், "உங்கள் கடவுள் இவ்வளவு கொடூரமானவரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம். இயேசு மூன்றாம் ஆள் என்றால் அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் கிடையாது.

ஆனால் தொடக்கச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல் அப்படி எழுதவில்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் சொல்கிறார். கடன் கொடுத்தவரே நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார் என்பது இதன் பொருள். எந்த மன்னிப்பிலும் யாரோ ஒருவர் நஷ்டத்தைத் தாங்கத்தான் வேண்டும். மனமார மன்னித்தவர்களுக்கு அது தெரியும். சிலுவையில் இருந்தவர் கடவுளே என்றால், அந்த நஷ்டத்தை அவர் வேறொருவர் மீது தள்ளிவிடவில்லை. அதே மரம், அதே ஆணி, அதே நண்பகல் இருட்டு. தொங்கியவர் யார் என்பதைப் பொறுத்து அது கொடுமையாகவும் தெரியும், அன்பின் உச்சமாகவும் தெரியும். இப்போது இயேசு யார் என்ற கேள்வி, கடவுள் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியாகவே மாறிவிடுகிறது. கிறிஸ்தவர்கள் இதை விட்டுக்கொடுக்க முடியாமல் நிற்பதற்குக் காரணம் ஒரு பட்டத்தின் மீதுள்ள பற்று என்று நான் நினைக்கவில்லை. மேலே இருப்பவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்பது அவர்களுக்கு இதில்தான் தெரிகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைப் பல விசுவாசிகளே மறந்துபோகிறார்கள். அவர் மனிதர் இல்லை என்றாலும் எல்லாம் கெட்டுப்போகிறது. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் எழுந்த குழப்பங்களில் ஒன்று, இயேசு கடவுள்தான், மனித உடல் வெறும் தோற்றம் என்ற கருத்து. யோவானின் முதல் கடிதம், இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்பதை ஒப்புக்கொள்ளாதவர்களை அவ்வளவு கடுமையாகச் சாடுவது ஏன் என்பது இந்தப் பின்னணியில் புரியும். நான்காம் நூற்றாண்டில் நசியான்சு நகர கிரகோரியு என்ற ஆயர், மனித இயல்பில் எதைக் கிறிஸ்து தம்முடையதாக ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்று எழுதினார். நான் படித்த இறையியலில் இவ்வளவு சுருக்கமான வாக்கியம் வேறு கிடையாது. அவருக்கு மனித மனம் இல்லையென்றால் என் மனம் குணமாகவில்லை. அவர் உண்மையில் பயப்படவில்லையென்றால், கைதாகும் முன் கெத்செமனே தோட்டத்தில் சிந்திய வேர்வை நடிப்பு என்றால், பயப்படுகிற எனக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. மருத்துவர்கள் கைவிட்ட ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, கடவுளுக்கு வலி தெரியும் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருந்தால், இந்த வரி எவ்வளவு கனமானது என்பது புரியும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கி.பி. 325இல் நிசேயாவில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டீன் கூட்டிய சங்கத்தில், அதுவரை மனிதராக இருந்த இயேசுவை ஓட்டுப் போட்டுக் கடவுளாக்கினார்கள் என்று ஒரு கதை பரவலாக உலவுகிறது. இது தவறு என்று தயக்கமில்லாமல் சொல்லலாம். அங்கே மோதிய இரு தரப்பும் இயேசுவை வணங்கியவர்கள்தான். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியு என்ற மூப்பர், குமாரன் எல்லாப் படைப்புக்கும் முந்தியவர், மகிமையுள்ளவர், ஆனால் அவரும் படைக்கப்பட்டவரே என்றார். கடவுள் ஒருவரே என்பதைக் காப்பதுதான் அவருடைய நோக்கம். அதைக் கெட்ட எண்ணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எதிர்த்தரப்பு கேட்டது இதுதான்: படைப்பை வணங்குவது விக்கிரக ஆராதனை அல்லவா? படைக்கப்பட்ட ஒருவரால் நம்மைக் கடவுளோடு சேர்க்க முடியுமா? பிதாவும் குமாரனும் 'ஒரே தன்மை' உடையவர்கள் என்று சங்கம் அறிக்கையிட்டது. கடைசிவரை கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர்.

அரசியல் இல்லையா என்றால், நிறையவே இருந்தது. ஆனால் அது நீங்கள் நினைக்கிற பக்கம் மட்டும் இழுக்கவில்லை. சங்கத்துக்குப் பிறகு கான்ஸ்டன்டீனே மனம் மாறி ஆரியுவைத் திரும்ப அழைத்தார். அவர் மகன் கான்ஸ்டான்டியு நிசேயாவின் தீர்மானத்துக்கு எதிரான பக்கம் சாய்ந்தார். நிசேயாவைத் தாங்கிப்பிடித்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு நான்கு பேரரசர்களின் கையால் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரசு அதிகாரம் மட்டுமே முடிவு செய்திருந்தால் நிசேயா அறிக்கை அப்போதே மண்ணோடு மண்ணாகியிருக்கும். கி.பி. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் அது மீண்டும் உறுதிபெறும்வரை அரைநூற்றாண்டுக்கு மேல் இழுபறிதான்.

அப்புறம், வணக்கம் எப்போது தொடங்கியது என்பதற்கு நிசேயாவுக்கு மிக முந்திய சான்றுகள் இருக்கின்றன. ரோமப் பேரரசின் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவுக்கு ஒரு தெய்வத்துக்குப் பாடுவதுபோல் பாடுகிறார்கள் என்கிறார். இது வெளியாள் ஒருவரின் சாட்சி, அதுவும் விசாரணை நடத்தியவரின் சாட்சி. அதற்கும் முன்பு, கி.பி. 50களின் நடுவில் பவுல் எழுதிய கொரிந்தியர் முதல் கடிதத்தின் முடிவில் 'மாரநாதா' என்ற அரமேயச் சொல் வருகிறது. எங்கள் ஆண்டவரே வாரும் என்று பொருள். கிரேக்கம் பேசுகிற ஊருக்கு எழுதும்போது அதை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறார் என்றால், அது ஏற்கெனவே எல்லோர் வாயிலும் ஊறிப்போன வேண்டுதலாக இருந்திருக்க வேண்டும்; அரமேயம் பேசிய முதல் சீடர்களிடமிருந்துதான் அது வந்திருக்க முடியும். அதே கடிதம் 8ஆம் அதிகாரத்தில், யூதர்கள் தினமும் சொல்லும் 'கர்த்தர் ஒருவரே' என்ற அறிக்கைக்குள்ளேயே இயேசுவின் பெயரைப் பவுல் வைக்கிறார். கடவுள் ஒருவரே என்பதற்காக உயிரையே கொடுக்கத் துணிந்த சமூகத்தில் பிறந்தவர் அவர். சிலுவைக்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரு யூதர் இப்படி எழுதினார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இவை உறுதியானவை. இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. இயேசு தம்மைப் பற்றித் தாமே என்ன சொன்னார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. 'நான் ஆபிரகாமுக்கு முன்பே இருக்கிறேன்' போன்ற நேரடியான வாக்கியங்கள் யோவான் சுவிசேஷத்தில்தான் இருக்கின்றன. நான்கு சுவிசேஷங்களில் பிந்தியது அதுவே என்பது பெரும்பாலானோரின் கருத்து. மாற்குவில் அவர் தம்மை 'மனுஷகுமாரன்' என்கிறார். அது பழைய ஏற்பாட்டின் தானியேல் நூல் 7ஆம் அதிகாரத்தில் மேகங்களோடு வருகிறவரா, 'ஒரு மனிதன்' என்பதற்கான சாதாரண வழக்கா என்பது முடியாத விவாதம். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் உள்ள கிறிஸ்துவைப் பற்றிய பகுதி பவுலுக்கு முந்திய பாடல் என்று பலர் சொல்கிறார்கள், சாத்தியம்தான், நிரூபணமில்லை. எதிர்த்திசையில் இழுக்கிற வசனங்களும் உண்டு. என்னை நல்லவன் என்று சொல்வானேன், தேவன் ஒருவரே நல்லவர் என்கிறார். அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்கிறார். இவற்றை ஒளித்துவைக்காமல் எழுதிவைத்த சுவிசேஷகர்கள் மீது எனக்கு மரியாதை கூடுகிறது. கூடவே, 'இயேசு பைத்தியம், அல்லது பொய்யர், அல்லது கடவுள், வேறு வழியில்லை' என்று மேடைகளில் வைக்கப்படும் வாதத்தை நான் பயன்படுத்துவதில்லை. அந்த வார்த்தைகள் அவருடையவைதானா, எந்தப் பொருளில் சொன்னார் என்ற கேள்வியை அது தாண்டிக் குதித்துவிடுகிறது.

வரலாறு எதுவரை வரும் என்பதற்கும் எல்லை உண்டு. அவர் வாழ்ந்தார், யோவான் ஸ்நானகனிடம் ஞானஸ்நானம் பெற்றார், பிலாத்துவின் கீழ் சிலுவையில் அறையப்பட்டார், சீடர்கள் அவரை உயிரோடு கண்டதாக வெகு சீக்கிரத்திலேயே நம்பினார்கள் என்பதுவரை விசுவாசி அல்லாத வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோரும் ஏற்கிறார்கள். அவர்கள் கண்டது உண்மையா, அவர் உண்மையில் யார் என்பதை எந்தக் கல்வெட்டும் சுவடியும் தீர்த்துவைக்காது. இஸ்லாம் அவரை மேசியா என்றே அழைத்து, கன்னியிடம் பிறந்தார் என்றும் ஏற்று, ஆனால் கடவுள் அல்லர் என்று தெளிவாகச் சொல்கிறது. யூத சமயம் வேறு பதில் சொல்கிறது. அவர்களும் இதை அற்பக் கேள்வியாக நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் முழு ஒற்றுமை இல்லை. கி.பி. 451இல் கல்செதோன் சங்கம், ஒரே ஆளில் தெய்வத்தன்மை, மனிதத்தன்மை இரண்டும் கலக்காமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் இருக்கின்றன என்றது. எப்படி என்று விளக்காமல், எப்படி அல்ல என்று நான்கு வேலிகளை மட்டும் போட்டது; அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் எகிப்தின் கோப்து சபை, ஆர்மீனிய, சிரிய, எத்தியோப்பிய சபைகள் அந்த வார்த்தைகளை ஏற்காமல் பிரிந்தன. 1973இல் போப் ஆறாம் பவுலும் கோப்து சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது, இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றையே வெவ்வேறு சொற்களில் காத்துவந்திருக்கின்றன என்பது வெளிப்படையானது. பதினைந்து நூற்றாண்டுப் பிரிவு. இதை வலியோடுதான் சொல்கிறேன்.

கடைசியாக, அவர் போதனையை மட்டும் பின்பற்றினால் போதாதா என்றீர்கள். பின்பற்றுங்கள், அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. என்னைக் கர்த்தாவே கர்த்தாவே என்று அழைக்கிற எல்லோரும் உள்ளே வரப்போவதில்லை என்று சொன்னவரும் அவரேதான். மாற்குவில் அவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே சரியாகச் சொல்வது அசுத்த ஆவிகள். அதனால் அவற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை. 8ஆம் அதிகாரத்தில், "நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள்" என்று சீடர்களிடம் கேட்கும்போது, நீர் கிறிஸ்து என்று பேதுரு சரியான பதிலைத்தான் சொல்கிறார். அடுத்த சில வசனங்களுக்குள், பாடுபட்டு மரிக்கப்போகிறேன் என்று இயேசு சொன்னதைத் தாங்காமல் அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொண்டு, கடும் கண்டனத்தையும் வாங்கிக்கொள்கிறார். பட்டம் சரியாக இருந்தது. அதன் பொருள் அவருக்குப் புரியவில்லை.

உங்களுக்கு நேரமிருந்தால் மாற்குவை ஒரே அமர்வில் படித்துப் பாருங்கள். நான்கில் அதுதான் சிறியது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இவர் யார் என்று யாராவது கேட்கிற இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்: மன்னிப்பைக் கேட்டுத் திகைத்த வேதபாரகர், புயல் அடங்கியதும் நடுங்கிய சீடர்கள், இவன் தச்சன் அல்லவா என்ற சொந்த ஊர்க்காரர்கள், விசாரணையில் பிரதான ஆசாரியன். இத்தனை பேர் கேட்ட பிறகு, 'மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்' என்று முதன்முதலாக ஒரு மனிதர் சொல்வது 15ஆம் அதிகாரத்தில். சொன்னவர் சீடர் அல்லர். சிலுவைக்கு நேரே நின்று, அவர் மூச்சு அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ரோமானிய நூற்றுக்கு அதிபதி.